இரண்டாண்டுக்கு என்று வந்தவர்கள்

ஒரு நாட்டின் குடியேற்றக் கொள்கையை நாடாளுமன்றம் எழுதுவதாகத்தான் நாம் நம்புகிறோம். மேற்கு ஜெர்மனியில் அதை எழுதியது தொழிற்சாலைகளின் பயிற்சிச் செலவுக் கணக்கு. 1961 அக்டோபர் 30 அன்று துருக்கியுடன் கையெழுத்தான ஆளெடுப்பு ஒப்பந்தத்தில், வருகிறவர் இரண்டாண்டுக்கு மேல் தங்கக் கூடாது என்று இருந்தது. ஒருவர் போவார், அடுத்தவர் வருவார், யாரும் வேர்பிடிக்க மாட்டார்கள் என்பது அதிகாரிகள் போட்ட திட்டம். 1964-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அந்த வரம்பு எடுக்கப்பட்டது. துருக்கியர் மேல் வந்த பரிவு அதற்குக் காரணமில்லை. வேலையும் கொஞ்சம் மொழியும் பழகிய ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத புது ஆளை மறுபடி முதலிலிருந்து பழக்குவது கட்டுப்படியாகாது என்று முதலாளிகள் சங்கங்கள் முறையிட்டன. அரசு கேட்டுக்கொண்டது.

வரம்பை எடுத்தவர்கள், அதன் விளைவை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஜெர்மனி குடியேற்ற நாடு அல்ல" என்பது அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே அரசுகளின் பல்லவியாக இருந்தது. யார் வருவார், எவ்வளவு காலம் இருப்பார் என்பதைப் பொருளாதாரம் முடிவுசெய்துவிடுகிறது. அரசியல் முடிவுசெய்வது அந்த உண்மையை எந்த நாளில் ஒப்புக்கொள்வது என்பதை. இந்த இரண்டுக்கும் இடையே போன காலத்தில்தான் ஜெர்மனியின் இன்றைய கட்சி அரசியல் விளைந்தது என்பது என் வாதம்.

தொடக்கம் 1955 டிசம்பரில் இத்தாலியுடன். பிறகு 1960-இல் ஸ்பெயினும் கிரீஸும், அடுத்தடுத்து துருக்கி, மொராக்கோ, போர்ச்சுகல், துனிசியா, 1968-இல் யுகோஸ்லாவியா. அவசரம் கூடியது 1961 ஆகஸ்ட்டில். பெர்லின் சுவர் எழும்பும்வரை, கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களே மேற்கின் ஆலைகளை நிரப்பினார்கள்; 1949-க்குப் பிறகு அப்படி வந்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். சுவர் அந்த ஊற்றை அடைத்தது. ஜெர்மானியர்கள் இஸ்தான்புல்லில் ஓர் ஆளெடுப்பு அலுவலகம் நடத்தினார்கள். பல், கண், முதுகு, சிறுநீர் என எல்லாம் பார்த்து, தேறியவர்களை சிர்கேஜி ரயில் நிலையத்திலிருந்து மியூனிக்குக்கு ஏற்றினார்கள். மியூனிக்கில் 11-ஆம் நடைமேடை. அதன் அடியில் போர்க்காலப் பதுங்கறை. அங்கே சாப்பாடு போட்டு, பெயர் சரிபார்த்து, ஆலை ஆலையாகப் பிரித்து அனுப்பினார்கள். 1955 முதல் 1973 வரை ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பேர் இப்படி வந்து போனதாகக் கணக்கு. அவர்களில் 1 கோடியே 10 லட்சம் பேர் திரும்பிவிட்டார்கள். 'வந்தால் போக மாட்டார்கள்' என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்வதே இல்லை.

இவர்களால் யாருக்கு லாபம்? முதலாளிக்கு என்பது பாதி பதில். சுரங்கத்திலும் வார்ப்பாலையிலும் அசெம்பிளி வரிசையிலும் அந்நியர்கள் வந்து நின்றபோது, அங்கே நின்றிருந்த ஜெர்மன் தொழிலாளி ஒரு படி மேலே போனார்: மேற்பார்வையாளராக, அலுவலக ஊழியராக. அடித்தட்டு நிரம்பியதால் மேல்தட்டு விரிந்தது. வந்தவர்கள் இளைஞர்கள், ஓய்வூதிய நிதிக்கு மாதாமாதம் கட்டினார்கள், வாங்க ஆளில்லை. அவர்களைப் பிள்ளைப் பருவத்தில் வளர்த்துப் படிக்கவைத்த செலவோ அனடோலியாவின் கிராமங்களுடையது. நட்டம் சொல்கிறவர்களுக்கும் நியாயம் உண்டு. மலிவான கை கிடைத்ததால் ஜவுளியும் நிலக்கரியும் சாக வேண்டிய காலத்துக்குச் சாகாமல் இழுத்துக்கொண்டே போயின; வெளி ஆட்களை எடுக்காத ஜப்பான் அதே காலத்தில் இயந்திரங்களுக்குத் தாவியது. நான் இந்த வாதத்தைப் பாதிதான் ஏற்கிறேன், ஏனென்றால் ஜெர்மன் கார் ஆலைகள் இரண்டையும் ஒன்றாகவே செய்தன. ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகலாம். லாபம் உடனே, தனியார் கையில் வந்தது. பள்ளி, வீடு, மொழி என்ற செலவு இருபது ஆண்டு கழித்து நகராட்சிகளின் தலையில் விழுந்தது.

1964 செப்டம்பர் 10 அன்று கொலோன் நகரின் டாய்ட்ஸ் நிலையத்தில் வந்து இறங்கிய ரயிலில் போர்ச்சுகல்காரத் தச்சர் ஒருவரைப் பெயர் சொல்லித் தேடினார்கள். அர்மாண்டோ ரோட்ரிகஸ் தெ சா என்ற அவர்தான் பத்து லட்சமாவது தொழிலாளி. ஒரு பூங்கொத்து, ஒரு மொபெட், பத்திரிகைப் படம். அந்த மொபெட் இன்று பான் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பின்னாளில் அவர் நோயுற்று ஊர் திரும்பினார். ஜெர்மன் காப்பீட்டில் தனக்கு உதவித்தொகைக்கான உரிமை இருந்ததை அறியாமல், அங்கே சம்பாதித்ததை மருத்துவத்துக்கே செலவழித்துவிட்டு 1979-இல் இறந்தார். அவருடைய உரிமையை அவரிடம் எடுத்துச் சொல்வது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. போய்விடப் போகிறவருக்கு எதற்கு விளக்கம்?

வாக்குரிமை இல்லாதவர்களின் அரசியல் எங்கே நடக்கும்? ஆலைக்குள் நடந்தது. 1972-இன் சட்டத் திருத்தம் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் ஆலைக் குழுத் தேர்தலில் நிற்கலாம் என்றது. நாட்டின் தேர்தலில் ஒரு சீட்டுப் போட முடியாதவர், வேலைசெய்யும் இடத்தில் பிரதிநிதி ஆகலாம். அடுத்த ஆண்டே, 1973 ஆகஸ்ட்டில், நொய்ஸ் நகரில் கார்புரேட்டர் செய்யும் பியர்புர்க் ஆலையில் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் கிரீஸ், துருக்கி, யுகோஸ்லாவியா, இத்தாலியிலிருந்து வந்தவர்கள். 'இலகு வேலை' என்று பெயர் வைத்துப் பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்த ஒரு கூலிப் பிரிவை ஒழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஜெர்மன் ஆண் தொழிலாளர்களும் கடைசியில் சேர்ந்துகொள்ள, வென்றார்கள். அந்தக் கூலிப் பிரிவால் ஜெர்மன் பெண்களும்தான் நட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அதே மாதக் கடைசியில் கொலோன் ஃபோர்டு ஆலை. விடுமுறை முடிந்து தாமதமாகத் திரும்பிய துருக்கியர் சுமார் 300 பேரை வேலைநீக்கம் செய்ததில் மூண்ட போராட்டம். அங்கே தொழிற்சங்கம் ஒதுங்கி நின்றது, காவல்துறை உள்ளே வந்தது, தலைவர்கள் கைதானார்கள். ஒரே கோடையில் இரண்டு பாடம். ஜெர்மன் தொழிலாளி கூட நின்ற இடத்தில் கோரிக்கை வென்றது. நிற்காத இடத்தில் அது 'துருக்கியர் கலகம்' ஆனது.

பிறகு எண்ணெய் நெருக்கடி. 1973 நவம்பர் 23 அன்று ஆளெடுப்பை அரசு நிறுத்தியது. குடியேற்றம் பற்றிப் பேசும் எவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய தேதி இது. அதுவரை வேலை இல்லாவிட்டால் ஊருக்குப் போய்விட்டு, வேண்டும்போது திரும்பி வரலாம். கதவை மூடியதும், போனால் வர முடியாது என்றானது. ஆகவே பலர் போகவில்லை. மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, 1975 முதல் ஜெர்மனியில் வசிக்கும் குழந்தைக்கு மட்டுமே முழு உதவித்தொகை, ஊரில் இருக்கும் பிள்ளைக்குக் குறைவு என்று ஒரு விதி. சிக்கனம் என்று நினைத்துப் போட்ட விதியே குழந்தைகளை ரயிலேற்றியது. 1973-இல் ஏறத்தாழ 40 லட்சமாக இருந்த வெளிநாட்டவர் தொகை 1980-இல் 45 லட்சத்தை நெருங்கியது; அவர்களில் வேலைசெய்வோர் தொகையோ குறைந்திருந்தது. தொழிலாளர்கள் குடும்பங்களாக மாறியது ஆளெடுப்பு நடந்த காலத்தில் அல்ல, தடை வந்த பிறகு.

இதை அப்போதே பார்த்தவர் ஒருவர் உண்டு. வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவின் முன்னாள் முதல்வர் ஹைன்ஸ் க்யூன், வெளிநாட்டவர் நலனுக்கான முதல் ஆணையராக 1979-இல் ஓர் அறிக்கை கொடுத்தார். வந்தவர்கள் இங்கேயே இருக்கப்போகிறார்கள் என்று ஒப்புக்கொள்ளுங்கள், இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு உரிமை கொடுங்கள், உள்ளாட்சியில் வாக்குக் கொடுங்கள் என்றார். அவருடைய சொந்தக் கட்சியின் அரசே அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியது. மூன்றாண்டு கழித்துச் சான்சலராக வந்த ஹெல்முட் கோல், துருக்கியர் தொகையைப் பாதியாகக் குறைக்கப் போவதாக மார்கரெட் தாட்சரிடம் தனியே சொன்னார்; 2013-இல் ஆவணம் வெளியானபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. 1983-இல் சட்டம் வந்தது: நாடு திரும்பினால் 10,500 மார்க், குழந்தை ஒன்றுக்கு 1,500. கூடவே ஒரு சலுகை. கட்டிய ஓய்வூதியப் பங்கைக் காத்திருக்காமல் வாங்கிக்கொள்ளலாம். தொழிலாளியின் பங்கு மட்டும்தான். அவர் பெயரில் முதலாளி கட்டிய பங்கு நிதியிலேயே தங்கியது. வழியனுப்பும் பரிசின் பெரும்பகுதி வாங்கியவருடைய சொந்தப் பணம்.

இந்த ஆண்டுகளில்தான் நம்மவர்களும் அந்தக் கதைக்குள் வருகிறார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் தப்பிய தமிழர்களில் பலர் விமானத்தில் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களைத் தடுக்கவில்லை. டிக்கெட் காசு அன்னியச் செலாவணி. மேற்கும் சோதிக்கவில்லை. சுவரை ஓர் எல்லையாக ஒப்புக்கொள்வதில்லை என்பது அதன் கொள்கை, எல்லையே இல்லாத இடத்தில் பாஸ்போர்ட்டை எப்படிக் கேட்பது? 1985-இல் பேரம் முடிந்தது. அடுத்த நாட்டு விசா இல்லாத தமிழர்களை இனி வழிவிடுவதில்லை என்று கிழக்கு ஒப்புக்கொண்டது. அதே சமயத்தில் அதன் வட்டியில்லாக் கடன் வரம்பை மேற்கு உயர்த்தியது. இரண்டு ஜெர்மனிகளின் வணிகப் பேச்சில் ஈழத்தமிழர் ஒரு சரக்கு. போய்ச் சேர்ந்து 'அசூல்' (தஞ்சம்) கேட்டவர்கள் அந்தந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, ஆண்டுக்கணக்கில் வேலையும் செய்யக் கூடாது. உழைக்கத் துடித்த இளைஞர்களைச் சும்மா உட்காரவைத்துச் சோறு போட்டுவிட்டு, 'அகதிகள் நம் வரிப்பணத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்' என்று தேர்தல் மேடையில் பேசியவர்கள் இருந்தார்கள். அந்த இளைஞர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேரை இழுக்கிறார்கள். 2002-இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது, ஒரு தொழிற்பேட்டையின் நடுவே.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு கதை உண்டு, இன்றைய தேர்தல் வரைபடத்தைப் படிக்க அது வேண்டும். கிழக்கு ஜெர்மனி வியட்நாம், மொசாம்பிக், அங்கோலா, கியூபாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை எடுத்தது. 1989-இல் வியட்நாமியர் மட்டும் சுமார் 60,000 பேர். தனி விடுதி, ஊராரோடு பழக்கம் வைக்க ஊக்கமில்லை. கருவுற்ற பெண்ணுக்கு இரண்டே வழி, கருக்கலைப்பு அல்லது விமானம். மொசாம்பிக்காரர்களின் கூலியில் பிடித்த பங்கு அவர்கள் கைக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. மபூட்டோ தெருக்களில் அதற்காக இன்னும் ஊர்வலம் போகிறார்கள். சோஷலிச சகோதரத்துவம் என்று சுவரொட்டியில் இருந்தது. விடுதிக்கு வெளியே யாரும் அவர்களை அறியவில்லை. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு ஆலைகள் மூடி, ஊர் முழுதும் வேலை இழந்தபோது, 1991-இல் ஹோயர்ஸ்வெர்டாவில் அந்த விடுதிகள்தான் முதலில் தாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ரோஸ்டோக்கில் கூட்டம் கைதட்டி வேடிக்கை பார்க்க, வியட்நாமியர் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள்.

1992-இல் தஞ்சம் கோரியவர்கள் 4,38,000 பேர். 1993 மே 26 அன்று தஞ்ச உரிமையைச் சுருக்கி அரசமைப்பைத் திருத்தினார்கள். மூன்றே நாளில் ஸோலிங்கன் நகரில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு எரிக்கப்பட்டு, பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் தஞ்சம் கேட்டு வந்தவர்கள் இல்லை, ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தவர்கள். சட்டம் யாரைக் குறிவைத்தது, தீ யாரைத் தொட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், 'சட்டபூர்வமாக வந்தவர்மேல் எங்களுக்குக் கோபமில்லை' என்ற வழக்கமான வாதம் நிற்காது. தீ வைப்பவர் யாரிடமும் விசா கேட்பதில்லை.

குடியுரிமைக்கோ 1913-ஆம் ஆண்டுச் சட்டம், இரத்த வழி. 1990-களில் சோவியத் நாடுகளிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஜெர்மன் வம்சாவளியினர் சுமார் 20 லட்சம் பேர் வந்தார்கள். பலருக்கு ஜெர்மன் பேச வராது, ஆனாலும் குடிமக்கள். பெர்லினில் பிறந்து பெர்லின் வட்டார வழக்கில் பேசும் துருக்கியப் பெண் அந்நியர். இந்த அபத்தத்தைத் தீர்க்க 1999-இல் சமூக ஜனநாயகவாதிகளும் பசுமைக் கட்சியும் இரட்டைக் குடியுரிமை கொண்டுவந்தபோது, எதிர்க்கட்சி தெருத்தெருவாக மேசை போட்டுக் கையெழுத்து வாங்கியது. ஹெஸ்ஸன் மாநிலத் தேர்தலில் ரோலண்ட் கோக் அந்த அலையில் வென்றார், மேலவையில் அரசு பெரும்பான்மை இழந்தது, சட்டம் மெலிந்தது. இங்கே பிறந்த பிள்ளை 23 வயதுக்குள் ஏதாவது ஒரு பாஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றானது. அந்நியரை எதிர்த்து ஒரு மாநிலத்தையே பிடிக்கலாம் என்று நடுநிலைக் கட்சிகளுக்குத் தெரிந்தது அன்றுதான். அந்த அறுவடையைப் பின்னால் வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

மொழி வகுப்பை உரிமையாக்கிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2005-இல், இத்தாலி ஒப்பந்தத்துக்கு ஐம்பதாவது ஆண்டில். அதற்குள் இரண்டு தலைமுறை பள்ளியை முடித்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் பள்ளிமுறை அது. வீட்டில் ஜெர்மன் பேசாத குழந்தைக்கு அந்த வயதில் கீழ்வரிசைதான் கிடைக்கும். 2001 டிசம்பரில், பள்ளி மாணவர்களின் திறனை நாடுவாரியாக ஒப்பிடும் பிசா ஆய்வு முடிவுகள் வந்தபோது நாடே அதிர்ந்ததாகச் சொன்னார்கள். அதிர்ச்சிக்கு என்ன இருந்தது? கொரோனா தடுப்பூசியை உருவாக்கிய உகுர் ஷாஹினும் ஓஸ்லெம் துரெஜியும் துருக்கியக் குடும்பங்களின் பிள்ளைகள்தான். ஷாஹினின் அப்பா கொலோன் ஃபோர்டு ஆலைத் தொழிலாளி. இதைச் சாதனைக் கதையாகச் சொல்வது எளிது. பத்து வயதில் வடிகட்டப்பட்ட எத்தனை ஷாஹின்கள் இன்னும் அசெம்பிளி வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்பது அவ்வளவு எளிதில்லை.

2015-இல் சுமார் 8,90,000 பேர் தஞ்சம் தேடி வந்தார்கள். சான்சலர் அங்கேலா மெர்க்கெல் எல்லையை மூடவில்லை. இரண்டாண்டு முன்பு யூரோ நாணயத்தை எதிர்க்கப் பிறந்த ஏ.எஃப்.டி. கட்சிக்கு அதுவே வாழ்வு. 2017-இல் 12.6 சதவீதம், 2025 பிப்ரவரியில் 20.8 சதவீதத்துடன் இரண்டாம் இடம். 2024-இல் கிழக்கில் உள்ள துரிங்கியா மாநிலத்தில் 32.8 சதவீதத்துடன் முதலிடமே பிடித்தது. துரிங்கியாவில் வெளிநாட்டவர் விகிதம் மேற்கு மாநிலங்களைவிடக் குறைவு. அந்நியரோடு வாழாத ஊரே அந்நியரை அஞ்சுகிறது என்று இங்கே நிறுத்திக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 தேர்தலில் மேற்கில் உள்ள கெல்சன்கிர்ஹன் நகரிலும் அக்கட்சி முதலிடம் வந்தது. பழைய சுரங்க ஊர், வேலையின்மை மிகுந்த நகரம், தெருவுக்குத் தெரு குடியேறியவர்கள். அங்கே புகார் நிறம் பற்றியதாக மட்டும் இல்லை. குப்பை, நெரிசலான வகுப்பறை, வீட்டுவசதி என்று நீள்கிறது. செலவை நகராட்சியிடம் தள்ளிவிட்டு லாபத்தை வேறிடத்தில் எண்ணிய அதே பழைய கணக்கு. அந்தப் புகாரை இனவெறி என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்கள் அந்தக் கட்சிக்கு இலவசமாகப் பிரச்சாரம் செய்கிறார்கள்.

2015-இல் வந்த ஆண்களில் முக்கால் பங்கினர் இப்போது வேலையில் இருக்கிறார்கள், பெண்களில் மூன்றில் ஒரு பங்குதான். மருத்துவமனைகளில் சுமார் 6,000 சிரிய மருத்துவர்கள். 2024 டிசம்பரில் அசாத் வீழ்ந்து, சிரியர்கள் திரும்பிப் போகட்டும் என்று சில அரசியல்வாதிகள் முழங்கியபோது மருத்துவமனைகள் பதறின. அதே 2024 ஜூனில் ஐந்தாண்டு வசித்தால் குடியுரிமை, பழைய பாஸ்போர்ட்டை விட வேண்டாம் என்று சட்டம் மாறியது. அன்று ஆளெடுப்பில் வந்த முதல் தலைமுறைக்கு அதில் தனிச் சலுகை: எழுத்துத் தேர்வு வேண்டாம், பேசத் தெரிந்தால் போதும். க்யூன் கேட்டுவிட்டுப் போய் 45 ஆண்டு. அடுத்து வந்த ஃபிரீட்ரிஷ் மெர்ட்ஸ் அரசு 2025-இல், அந்தச் சட்டத்தில் இருந்த 'மூன்றாண்டிலேயே குடியுரிமை' என்ற குறுக்குவழியை மட்டும் நீக்கியது. 1999-இல் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கிய அதே கட்சி, இரட்டைக் குடியுரிமையைத் தொடவில்லை.

இப்போது ஆள் தேடும் பார்வை நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022 டிசம்பரில் இந்தியாவுடன் இடப்பெயர்வு ஒப்பந்தம், 2024-இல் இந்தியத் திறன் தொழிலாளர் விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்கும் அறிவிப்பு. நர்சிங் முடித்த நம் பெண்கள் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இது முதல் முறையும் இல்லை. 1960-களில் கத்தோலிக்கத் திருச்சபை வழியாகக் கேரளத்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் ஜெர்மன் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். 1970-களின் பிற்பகுதியில் ஆள் போதும் என்றானபோது சில மாநிலங்கள் அவர்களின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தன. மணமாகிப் பின்னே போன கணவர்கள் ஆண்டுக்கணக்கில் வேலை செய்ய அனுமதியின்றி வீட்டில் இருந்தார்கள். அன்று டெல்லி எதையும் பேரம் பேசவில்லை, அன்னியச் செலாவணி வந்தால் போதும் என்றிருந்தது. இன்று விசா எண்ணிக்கையைக் கொண்டாடுவதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. நம் நர்சிங் பட்டத்தை அங்கீகரிக்கும்வரை உதவியாளர் சம்பளத்தில் அவர் எத்தனை மாதம் இருப்பார்? மொழி வகுப்புக்கும் ஏஜென்சிக்கும் பணம் யார் கட்டுவது? கணவருக்கு முதல் நாளிலிருந்து வேலை அனுமதி உண்டா? பாதியில் திரும்பினால் முதலாளி கட்டிய ஓய்வூதியப் பங்கு யாருக்கு? இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கும் வலு, ஆள் தேவை இவ்வளவு இருக்கும் இந்தச் சில ஆண்டுகளில்தான் நமக்கு இருக்கும்.

(கட்டுரையாளர், தொழிலாளர் பொருளாதாரத் துறையில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்)